வில் ஆண்ட மலையில் துப்பாக்கியின் கதை

தமிழகத்து மலைகளுள் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் கிடைத்த விளம்பரம் கொல்லிமலைக்குக் கிடைத்ததில்லை. அம்மலை தன் இயல்பைப் பெரிதும் இழக்காமல் இருப்பதற்கு அதுவே ஒரு காரணம் எனலாம். நாமக்கல் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது பரந்து கிடக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அம்மலை தூரத்திலிருந்து பார்ப்போருக்கு ஒரு பெரிய மேசையைப் போலத் தோன்றும். ஏறிச் சென்ற பின்னரோ மேசை மறைந்துவிடும். மேடும் பள்ளமும் ஓடையும் சோலையும் படிப்படியான கழனிகளுமாக வேறொரு நாடு விரியும்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து மேலே செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. வளைவுகளை எண்ணிக்கொண்டே வரும் பிள்ளைகள் முப்பதைத் தாண்டுமுன் வாயை மூடிக்கொள்வார்கள். வயிறு பேசத் தொடங்கிவிடும். நாற்பதுக்கு மேல் காற்றின் குணம் மாறுகிறது. சமவெளியின் வெக்கை கீழே தங்கிவிட, மிளகுக் கொடியின் வாசமும் ஈரமண்ணின் வாசமும் எதிர்கொண்டு வரவேற்கின்றன. படைத்தவன் ஒரே வட்டாரத்தில் இருவேறு பருவங்களை வைத்திருக்கும் அழகை எண்ணி நாவு தானாகவே 'சுப்ஹானல்லாஹ்' என்கிறது.

கொல்லிமலையில் ஊர்கள் 'நாடு' என்னும் பெயரால் தொகுக்கப்பட்டுள்ளன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று இன்று 14 ஊராட்சிகள் 'நாடு' என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் குண்டனி நாடு. இராசிபுரத்தில் மிளகும் காப்பிக் கொட்டையும் வாங்கி விற்கும் நண்பர் ஒருவர், "அங்கே வந்து பாருங்கள், படித்தவர் நீங்கள், அம்மக்களைப் பற்றி எழுதுங்கள்" என்று பலமுறை அழைத்தார். விடுமுறை நாளொன்றில் அவருடன் புறப்பட்டேன். மலையின் அழகை எழுத எண்ணிச் சென்ற என்னை ஒரு பழைய துப்பாக்கியின் கதை ஆட்கொண்டது.

மலையாளும் மக்கள்

இம்மலையின் குடிகளுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாருள் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாக இவர்களிடையே ஒரு வழிவழிக் கதை உண்டு. அரசின் பட்டியலில் இவர்கள் பழங்குடியினர்.

ஒரு காலத்தில் தினையும் சாமையும் கேழ்வரகும் இவர்களுடைய உணவு. இன்று கழனியின் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. இங்கு விளையும் கிழங்கு சேலம், நாமக்கல் பகுதி ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகிறது. பெருநாளன்று நம் இல்லங்களில் கொதிக்கும் பாயசத்தில் மிதக்கும் முத்துகளுள் சில, குண்டனி நாட்டு உழவரின் வியர்வையில் விளைந்தவையாகவும் இருக்கலாம். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

நண்பர் என்னை முதலில் அழைத்துச் சென்றது அவருக்கு ஆண்டுதோறும் மிளகு கொடுக்கும் ஒரு முதியவரின் வீட்டுக்கு. "வாங்க பாய், உக்காருங்க" என்று திண்ணையில் பாயை விரித்து, பாலில்லாத கடுங்காப்பியைக் கொடுத்தார். வீட்டுச் சுவரில் இரண்டு மர முளைகள் வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் எதனை மாட்டுவீர்கள் என்று கேட்டேன். முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பன் துப்பாக்கி இருந்த எடம் அது" என்றார்.

ஓரியின் அம்பு

அக்கதைக்குள் செல்வதற்கு முன், இம்மலைக்கும் வேட்டைக்கும் உள்ள பழைய உறவைச் சொல்ல வேண்டும். சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்டவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி. வில்லாற்றலால் அவன் 'வல்வில் ஓரி' எனப் பெற்றான். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் கூறுகிறார். கவிஞரின் உயர்வு நவிற்சியைக் கழித்துவிட்டாலும், இம்மலையில் அன்று எத்தனை வகை விலங்குகள் இருந்தன என்பதற்கு அது சான்றாக நிற்கிறது. செம்மேட்டில் ஓரியின் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவன் பெயரால் அரசு விழா எடுக்கிறது. ஓரியை மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது வரலாறு.

வில் போனது; துப்பாக்கி வந்தது. பெயரே அதன் பயணத்தைக் காட்டும். 'துப்பாக்கி' என்பது துருக்கி மொழியிலிருந்து கிளம்பி, இஸ்லாமிய ஆட்சிக்காலப் படைகளோடு தக்காணம் வழியாகத் தமிழில் குடியேறிய சொல். உருதுவில் வழங்கும் 'பந்தூக்' என்ற சொல்லின் மூலம் அரபியில் உள்ள 'புந்துக்'. அது முதலில் ஒருவகைக் கொட்டையைக் குறித்தது. பின்னர் அக்கொட்டை போன்ற களிமண் உருண்டையையும், அதன்பின் ஈயக்குண்டையும், கடைசியில் குண்டை எறியும் கருவியையும் குறித்தது. சமையலறையில் தொடங்கிய சொல் போர்க்களத்தில் போய் முடிந்தது.

ஒற்றைக்குழல்

முதியவர் தம் தந்தையின் துப்பாக்கியை ஒரு பிள்ளையை வருணிப்பது போல வருணித்தார். ஆள் மார்பளவு நீளம், ஒற்றைக் குழல், பலா மரத்தில் செதுக்கிய கட்டை. உள்ளூர்க் கொல்லர் செய்தது. இக்காலத் துப்பாக்கியைப் போல் பின்புறம் தோட்டாவைச் செருகிச் சுடுவதன்று; வாய்வழியே கெட்டிப்பது. முதலில் அளந்து கரிமருந்து. அதன்மேல் தேங்காய் நார். அதனை நீண்ட கம்பியால் இறுகக் குத்த வேண்டும். பிறகு ரவை, அதன்மேல் மறுபடியும் நார். குழலின் அடியில் உள்ள சிறு முளையில் கேப்பைப் பொருத்திக் குதிரையை இழுத்து வைத்தால் துப்பாக்கி தயார். விசையை அழுத்தியதும் குதிரை கேப்பின் மீது விழும்; பொறி உள்ளே பாயும்; மருந்து வெடிக்கும்.

"ஒரு தடவை வெடிச்சா மறுபடி கெட்டிக்கறதுக்குள்ள மிருகம் ரெண்டு மலை தாண்டிடும் பாய்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு வேட்டு, தவறினால் வெறுங்கை. இயலாமை என்று நாம் எண்ணுவதே காட்டுக்கு ஒரு காப்பாக இருந்திருக்கிறது.

கரிமருந்து என்பது மூன்று பொருள்களின் சேர்க்கை: வெடியுப்பு, கந்தகம், மரக்கரி. அதனை அக்காலத்தில் ஊரிலேயே இடித்துக்கொண்டார்கள். ஈயத்தை மட்டும் சந்தையில் வாங்கி, உருக்கி உருட்டினார்கள். அண்மைக் காலத்தில் சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் பால்ரஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வேட்டையில் கிடைத்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, "சுட்டவனுக்கு ஒரு பங்கு கூட. மிச்சம் ஊருக்குச் சமம். துப்பாக்கி இல்லாத வீட்டுக்கும் உண்டு, கெழவி தனியா இருக்கற வீட்டுக்கும் உண்டு" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் என்னைப் பூமியின் மறுபக்கத்துக்கு அழைத்துச் சென்றது. ஏனெனில், இதே போன்ற வாய்வழிக் குழல் துப்பாக்கி ஒரு பெரும் வணிகத்தின் அச்சாணியாகச் சுழன்ற வரலாறு ஒன்று கனடா நாட்டுக்கு உண்டு.

பனிநாட்டின் தோல் வணிகம்

1670-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் பட்டயத்தால் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி தோன்றியது. நம்மைப் பிடித்தாண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது 70 ஆண்டுகள் இளைய தம்பி. அண்ணன் மிளகுக்கும் துணிக்கும் கிழக்கே வந்தான். தம்பி விலங்கின் தோலுக்கு மேற்கே போனான். அங்கே ஆறுகளில் அணைகட்டி வாழும் பீவர் என்ற விலங்கின் மென்மயிரிலிருந்து ஐரோப்பியச் சீமான்களின் தொப்பி செய்யப்பட்டது. அந்தத் தொப்பி மோகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பனிக்காட்டில் பீவரைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்குள்ள பழங்குடியினரே. கம்பெனி அவர்களுக்குத் துப்பாக்கி, மருந்து, ஈயம், கம்பளி, கெண்டி ஆகியவற்றைக் கொடுத்துத் தோலை வாங்கியது. நல்ல பீவர் தோல் ஒன்றே நாணயம். எல்லாவற்றின் விலையும் தோல்களிலேயே எழுதப்பட்டது. துப்பாக்கியை நிறுத்தி, அதன் உயரத்துக்குத் தோலை அடுக்கி வாங்கினார்கள் என்பது பரவலான கதை. கதை கதைதான். 18-ஆம் நூற்றாண்டுக் கணக்கேடுகளில் துப்பாக்கியின் விலை பெரும்பாலும் 10 முதல் 14 தோல்கள் வரையே.

அத்துப்பாக்கியும் எடை குறைந்தது, வாய்வழியே கெட்டிப்பது, குழலின் உட்புறம் வழுவழுப்பானது. ஓர் இராத்தல் ஈயத்தில் 24 குண்டுகள் வார்த்தால் ஒரு குண்டு எத்தனை பருமன் இருக்குமோ, ஏறத்தாழ அத்தனை அகலம் அதன் குழல்வாய். அதனால் பெரிய மிருகத்துக்கு ஒற்றைக் குண்டையும், பறவைக்குச் சிறு ரவையையும் ஒரே குழலில் போட்டுச் சுடலாம். குளிரில் தடித்த கையுறையோடு விரலை நுழைக்க ஏதுவாக விசையைச் சுற்றி அகன்ற காப்பு இருந்தது. பக்கத்தில் பாம்பு போன்ற பித்தளை உரு ஒன்று பதித்திருந்தது. அந்தப் பாம்பு இல்லாத துப்பாக்கியைப் போலியென்று பழங்குடியினர் தள்ளிவிடுவார்களாம். கம்பெனி சோதித்து ஏற்றதற்கு அடையாளமாக உட்கார்ந்த நரியின் முத்திரை குத்தப்பட்டது.

இங்கே ஒரு வியப்பு. பீவரைப் பெரும்பாலும் துப்பாக்கியால் கொல்வதில்லை. குண்டு பட்டால் தோல் ஓட்டையாகும், விலை போகாது. பொறிவைத்தும் வலையிட்டும் அதன் வளையைத் தோண்டியும் பிடித்தார்கள். துப்பாக்கி எதற்கு? தோல் சேகரிக்கக் காட்டில் அலையும் குடும்பம் உண்பதற்கு வாத்தும் மானும் சுடுவதற்கு. நாள் முழுதும் பொறிகளைச் சுற்றி வருபவனுக்குப் பழைய முறையில் உணவு தேட நேரமில்லை. எனவே துப்பாக்கி வேண்டும்; துப்பாக்கிக்கு மருந்து வேண்டும்; மருந்துக்குத் தோல் வேண்டும்; தோலுக்குக் காட்டில் இன்னும் அலைய வேண்டும். துப்பாக்கியை ஒருமுறை விற்றால் போதும். மருந்தையும் ஈயத்தையும் சக்கிமுக்கிக் கல்லையும் ஆயுள் முழுதும் விற்கலாம். அடுத்த பருவத்துக்கான மருந்தைக் கடனாகக் கொடுத்தால், அடுத்த பருவத்தின் தோல் இப்போதே கம்பெனிக்குச் சொந்தம். கட்டிப்போட்டது குழல் அன்று, மருந்துப் பொட்டலம்.

அந்த மருந்தில் நம் நாட்டின் பங்கும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைகளில் அரைத்த வெடிமருந்துக்கான வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலும் வங்காளத்திலும் ஏழைத் தொழிலாளர் மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அதனைச் சுமந்து சென்றன. பாட்னாவின் வெயிலில் காய்ந்த உப்பு ஹட்சன் விரிகுடாவின் பனியில் வெடித்திருக்கும். இலண்டன் சீமானின் தலையில் ஒரு தொப்பி ஏறுவதற்கு இரண்டு கண்டங்களின் எளியோர் உழைத்தார்கள்.

முடிவு என்ன? பல ஆறுகளில் பீவர் அற்றுப்போயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டுத் தொப்பி மோகம் வந்து பீவரைக் காப்பாற்றியது. ஆனால், பழைய வாழ்வை மறந்து தோலையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அந்தக் கம்பெனியும் பின்னாளில் பெருங்கடைகள் நடத்தும் நிறுவனமாக மாறி, கடனில் மூழ்கி, 2025 ஜூன் 1-ஆம் நாள் தன் கடைசிக் கடைகளையும் மூடிற்று. 355 ஆண்டு வாணிபம் அன்றோடு முடிந்தது.

வயிற்றுக்கும் வாணிபத்துக்கும் நடுவே

இரண்டு துப்பாக்கிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கருவி ஏறத்தாழ ஒன்றே. ஒன்று, உள்ளூர்க் கொல்லர் செய்து, உள்ளூர் மருந்து அடைத்து, கழனியைக் காக்கவும் ஊரோடு பகிர்ந்து உண்ணவும் வெடித்தது. மற்றொன்று, தூரத்துச் சந்தைக்காக வெடித்தது. வயிறு நிறைந்தால் முதலாவது துப்பாக்கி சுவரில் தொங்கும். சந்தைக்கு வயிறே இல்லை. ஆகவே அது நிறைவதும் இல்லை. 'செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே' என்று நம் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகக் கற்பிக்கும் நபிமொழியின் கருத்து இங்கும் பொருந்துகிறது. கருவி ஒன்றானாலும் நிய்யத் வேறானால் விளைவும் வேறாகிறது.

இதனால் மலைவாசிகள் எல்லாரும் காட்டின் காவலர்களாகவே இருந்தார்கள் என்று நான் பொன்முலாம் பூசவில்லை. துப்பாக்கி பெருகப் பெருக மிருகம் அருகியது. ஓரியின் அம்பு கண்ட யானையும் புலியும் இன்று கொல்லிமலையில் இல்லை. அதில் வேட்டைக்கும், காடு கழனியானதற்கும், கீழிருந்து வந்தவர்களின் ஆசைக்கும் பங்குண்டு.

மார்க்கம் வகுத்த எல்லை

வேட்டை நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்று, எல்லையிட்டு அனுமதிக்கப்பட்டது. கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் மகன் அதீ (ரலி) அவர்கள் வேட்டைப் பிரியர். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் எறிகோலால் வேட்டையாடுவதைப் பற்றிக் கேட்டார். கோலின் கூர்முனை தைத்து இறந்ததை உண்ணலாம். அதன் பக்கவாட்டு அடியால் இறந்ததை உண்ணலாகாது என்ற கருத்தில் விடை வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. அடிபட்டுச் செத்த பிராணியை விலக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் 3-ஆம் வசனத்தோடு இது இசைகிறது.

வெடிமருந்து வந்தபோது சட்ட அறிஞர்களுக்குக் கேள்வி எழுந்தது. ஈயக்குண்டு கூரான அம்பா, கனத்த அடியா? குண்டு தன் வேகத்தாலும் கனத்தாலும் கொல்கிறதே தவிர வெட்டுவதில்லை. ஆகவே பிராணியை உயிரோடு பிடித்து அறுத்தால்தான் ஹலால் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் வலுவான கருத்து. குண்டு உடலைத் துளைத்து இரத்தம் ஓட்டுவதால் அது அம்பைப் போன்றதே என்று மாலிகீ அறிஞர் பலர் அனுமதித்தனர். இந்தக் கருத்து வேறுபாட்டில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. ஓர் உயிர் எப்படிச் சாகிறது என்பது நம் அறிஞர்களுக்குச் சிறிய செய்தியாக இருக்கவில்லை.

வேட்டைக்குக் காலமும் இடமும் வரையறுத்ததையும் எண்ணிப் பாருங்கள். இஹ்ராம் உடுத்தியவர் நிலத்து வேட்டைப் பிராணியைக் கொல்லலாகாது என்பது அல்மாயிதாவின் 95-ஆம் வசனம். மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. மதீனாவுக்கும் அத்தகைய எல்லை வகுக்கப்பட்டது. 'இங்கே கொல்லாதே, இப்போது கொல்லாதே' என்ற சட்டம் நமக்குப் புதிதன்று.

தோலைப் பற்றியும் இரண்டு செய்திகள் உண்டு. செத்த ஆடொன்று கிடந்ததைக் கண்ட பெருமானார் (ஸல்), அதன் தோலை எடுத்துப் பதப்படுத்திப் பயன்படுத்தக் கூடாதா என்று கேட்டார்கள். அதே பெருமானார், கொடிய வனவிலங்குகளின் தோலைப் பயன்படுத்துவதைத் தடுத்தார்கள் என அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகள் தெரிவிக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல் என்று தோல் தொழிலால் வளர்ந்த ஊர்களில் நம்மவர் எத்தனை குடும்பங்கள்! உணவுக்கு அறுத்த ஆட்டின் தோல் வீணாகாமல் பொருளாவது ஒரு வழி. தோலுக்காகவே ஓர் உயிரைக் கொல்வது முற்றிலும் வேறு வழி. இடையிலுள்ள கோட்டை மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வரைந்துவிட்டது.

சட்டமும் பன்றியும்

முதியவரின் சுவருக்கு மீண்டும் வருவோம். நாட்டின் ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2019-இல் வந்த திருத்தம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை போட்டது. சேலம், நாமக்கல், தருமபுரி, திருப்பத்தூர் என மலைகள் உள்ள மாவட்டங்களில், கள்ளத்துப்பாக்கியைத் தாமாக முன்வந்து ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என்று காவல்துறை அறிவிப்பதும், ஊரார் கொண்டுவந்து கொடுப்பதும் அண்மை ஆண்டுகளில் நாம் செய்தித்தாளில் படிப்பவையே.

"தானாக் கொடுத்தா கேசு இல்லைன்னாங்க பாய். பேரப்பிள்ளை படிக்கறான், நாளைக்கு அவனுக்கு ஒரு வேலைக்குப் போகணும்னா என் பேர்ல கேசு இருக்கலாமா? கொண்டுபோய்க் கொடுத்திட்டேன். ஆனா பன்னிக்கு இந்தச் சட்டம் தெரியலையே" என்றார் முதியவர்.

காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவில் இறங்கினால் ஓராண்டு மரவள்ளி மண்ணோடு மண். இரவெல்லாம் பரண்மீது அமர்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார், எழுபதைக் கடந்த அந்த மனிதர். பயிர்க்காவலுக்காக வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே இடமிருக்கிறது என்று சொன்னேன். "அதுக்கு எத்தனை ஆபீசு ஏறணும்?" என்று கேட்டார். உரிமம் கிடைத்தாலும் வனவிலங்குச் சட்டத்தின் தடை அப்படியே நிற்கும். வெற்று வேட்டால் விரட்டத்தான் முடியும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகள் குறித்து ஓர் ஆணை வெளியிட்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை அவற்றைச் சுடக் கூடாது. 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் மட்டும் வனத்துறையினர் சுடலாம். சமவெளி உழவருக்கு இது ஆறுதல். காடும் கழனியும் ஒட்டிக் கிடக்கும் கொல்லிமலையில் 3 கிலோமீட்டருக்கு எங்கே போவது?

அதற்காகக் கள்ளத்துப்பாக்கி திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குழல் வெடித்துக் கை இழந்தவர்கள் உண்டு. இருட்டில் புதர் அசைந்ததைப் பன்றியென்று எண்ணிச் சுட, மனித உயிர் போன செய்திகள் பல மலைகளிலிருந்து வந்திருக்கின்றன. "அந்தப் பயம் இப்ப இல்லை, அது நிசம்" என்று முதியவரும் ஒப்புக்கொண்டார். ஆயுதத்தைக் கொடுத்தவருக்கு அதன் ஈடாக வேலியும் விரைந்த நட்டஈடும் கிடைக்க வேண்டும் என்பதே நியாயம். ஒரு கையால் வாங்கிய அரசு மறுகையால் கொடுக்கவும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையருகே வண்டி நின்றது. சுற்றுலா வந்த இளைஞர் சிலர் கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில், "காட்டுக்கறி கிடைக்குமா அண்ணே? எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று கேட்டுக்கொண்டிருந்தனர். "அதெல்லாம் இங்க இல்லை தம்பி" என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் 'எவ்வளவு ஆனாலும்' என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அதுதான் ஹட்சன் விரிகுடாவில் ஒலித்த சொல். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வயிற்றுக்கு வெடித்த துப்பாக்கி சந்தைக்கு வெடிக்கத் தொடங்குகிறது. அகப்படுபவன் மலைவாசி, சிறை அவனுக்கு, சுவை நமக்கு!

அன்பார்ந்த வாசகர்களே! விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மலைக்குச் செல்லுங்கள். பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு இறைமறையே நம்மை அழைக்கிறது. அங்கே மிளகு வாங்குங்கள், காப்பி வாங்குங்கள், பலாவும் அன்னாசியும் மலைவாழையும் வாங்குங்கள். விலையைக் கசக்காமல் வாங்குங்கள். காட்டு இறைச்சியைக் கேட்காதீர்கள். சட்டம் தடுத்தது என்பது ஒருபுறமிருக்க, எந்த முறையில் கொல்லப்பட்டது, அறுக்கப்பட்டதா என்பது தெரியாத இறைச்சி நமக்கு எப்படி ஹலாலாகும்? உடன் வரும் நண்பர்கள் கேட்டாலும் தடுத்துச் சொல்லுங்கள்.

பெருநாள் பாயசத்தில் ஜவ்வரிசியைக் கிளறும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். ஒரு பரண், ஒரு தகர டப்பா, உறங்காத இரண்டு முதிய கண்கள் ஆகியவற்றின் காவலில் அது விளைந்திருக்கலாம். நம் துஆக்களில் அந்த உழவருக்கும் ஓரிடம் இருக்கட்டும்.